ஒல்லாந்தில் நின்றுபோன கடிதங்கள்

தபால்காரர் மணியடித்தபோது ஸுபைதா குசினியில் பாகற்காய் அரிந்துகொண்டிருந்தாள். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் கணவர் அப்துல் ஸமத் தபாலை வாங்கிவிட்டார். தடித்த மண்ணிற உறை, வெளிநாட்டு முத்திரை. உறையில் முதலில் எழுதியிருந்தது அவள் முன்பு வேலைபார்த்த பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் முகவரி. அங்கே இருக்கும் யாரோ ஒரு நல்ல மனுசர் அதைப் பேனையால் வெட்டி, 'ஓய்வு பெற்றுவிட்டார்' என்று எழுதி, கொங்காவெல வீட்டு முகவரியைப் பக்கத்தில் போட்டு அனுப்பியிருந்தார். வேண்டாமென்று குப்பையில் போட்டிருந்தாலும் கேட்க ஆளில்லை.

"ஒல்லாந்துல இருந்து வந்தீக்கி புள்ள," என்றார் அப்துல் ஸமத். "ஒல்லாந்துக்காரன் இந்த நாட்ட உட்டுப் போய் இருநூறு வருஷத்துக்கும் மேலாகுது. மறந்து வச்சிட்டுப் போன சாமான் ஏதும் இருந்தாக் கேக்கிறானோ என்னமோ."

ஸுபைதா சிரித்துக்கொண்டே உறையைப் பிரித்தாள். மேலே ஆங்கிலத்தில் ஒரு கடிதம் இருந்தது. பழைய கம்பியூட்டர்களைச் சேர்த்து வைக்கும் ஒரு நூதனசாலையில் சம்பளமில்லாமல் வேலைசெய்யும் பெண் எழுதியிருந்தாள். கடிதத்துக்குக் கீழே பதினொரு தாள்கள், அவற்றுக்கும் கீழே தனியாக ஒரு தாள். ஸுபைதா பதினொன்றில் முதல் தாளைப் பார்த்தாள். 1992ஆம் ஆண்டு பெப்ரவரி 7ஆம் திகதி. ஆங்கில எழுத்தில் தமிழ். 'அன்புள்ள தம்பி இந்திரகுமாருக்கு, அக்கா பரிமளம் எழுதுவது.'

சிரிப்பு அப்படியே நின்றுபோனது. இரண்டாவது தாளைப் பார்த்தாள், மூன்றாவதைப் பார்த்தாள். எல்லாம் அவள் கையால் டைப் செய்தவை. எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன என்று அவள் வாயால் சொன்னவை.

"யா அல்லாஹ்," என்று சொல்லி, கதிரை பக்கத்திலிருந்தும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன புள்ள? யாரும் மௌத்தா?"

"கடிதம் ஒண்டும் போகல்ல," என்றாள் ஸுபைதா. "முப்பத்திமூணு வருஷம். ஒண்டுமே போகல்ல."

*

அந்தக் காலத்தில் ஸுபைதா ஆராய்ச்சி நிலையத்தின் கம்பியூட்டர் அறையில் வேலைபார்த்தாள். வெளிநாட்டு விஞ்ஞானிகள் சிலர் ஒரு திட்டத்துக்காக வந்தபோது, தொலைபேசிக் கம்பி வழியாகக் கடிதம் அனுப்பும் ஏற்பாட்டையும் கூடவே கொண்டுவந்தார்கள். மாத்தளையில் அது பெரிய அதிசயம். ஒவ்வொரு நாளும் அலுவலகம் மூடும் நேரம் மெஷின் கீச்சுக் குரலில் கத்திக்கொண்டு கொழும்பிலுள்ள மெஷினைக் கூப்பிடும். அன்றைய கடிதங்களைக் கொடுத்து, வந்த கடிதங்களை வாங்கிக்கொள்ளும். கொழும்பு ஒல்லாந்துக்குக் கொடுக்கும். ஒல்லாந்து மற்ற நாடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும்.

இன்றைக்குப்போல எல்லாம் ஒரே வலையாக இருக்கவில்லை. பல்கலைக்கழகங்களுக்கு ஒரு வலை, தொலைபேசியில் பேசிக்கொள்ளும் மெஷின்களுக்கு ஒரு வலை, இன்னும் இரண்டு மூன்று. ஒன்றின் முகவரி மற்றதற்கு விளங்காது. இரண்டு வலைகள் சந்திக்கும் இடத்தில் ஒரு வாசல் மெஷின் நின்று, ஒன்றிடம் வாங்கி மற்றதிடம் கொடுக்கும். கடிதம் எந்த வழியாகப் போகவேண்டுமென்று அனுப்புகிறவர்தான் எழுதவேண்டும். மாத்தளையில் பஸ் ஏறு, உக்குவளையில் இறங்கு, எல்கடுவ பஸ்ஸில் மாறு என்று ஒருவருக்கு வழி சொல்வதுபோல.

பரிமளம் எல்கடுவ தோட்டத்துப் பெண். நிலையத்தின் நாற்று மேடையில் மிளகுக் கன்றுகளுக்கு மண் நிரப்பும் வேலை அவளுக்கு. அப்பா இல்லை. கொழுந்து பறித்தும் மண் சுமந்தும் அவள் படிக்கவைத்த தம்பி, புலமைப்பரிசில் கிடைத்துக் கனடாவுக்குப் படிக்கப் போயிருந்தான். தபாலில் கடிதம் போய்வர ஒரு மாதத்துக்கும் மேலாகும். 'எங்க காலேஜிலயும் கம்பியூட்டர் கடிதம் இருக்கு அக்கா' என்று அவன் தன் முகவரியை எழுதியிருந்தான். பரிமளம் அந்தத் துண்டைக் கொண்டுவந்து காட்டியபோது ஸுபைதாவின் மனம் இளகிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் அந்த அறையின் பொறுப்பதிகாரியும் மற்ற ஆண்களும் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விடுவார்கள். ஒரு மணிநேரம் கம்பியூட்டர் அறை காலியாக இருக்கும். "வெள்ளிக்கிழம பகல் வாங்க. நீங்க சொல்லச் சொல்ல நான் அடிக்கிறேன்," என்றாள்.

அப்படிப் பதினொரு வெள்ளிக்கிழமைகள். ஐந்து வெள்ளி நோன்பில் வந்தன. வறண்ட தொண்டையோடு அவள் டைப் செய்ய, பரிமளம் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, மேசையில் படாமல் தள்ளி நின்று சொல்லுவாள்.

பதில் வரவில்லை. நான்காவது வாரம் பரிமளம் கேட்டாள், "மிஸ், போய்ச் சேருதா?"

"போகாத கடிதம் திரும்பி வரும், பரிமளம். தபால் கந்தோர்லயும் அப்படித்தானே? ஒண்டும் திரும்பி வரல்ல. அப்ப எல்லாம் போய்ச் சேர்ந்திருக்கு."

ஆறாவது வாரம் தம்பியிடமிருந்து தபாலில் ஒரு கடிதம் வந்தது. 'ஏன் அக்கா ஒரு கடிதமும் இல்லை?' என்று கேட்டிருந்தான். பரிமளம் குழம்பிப்போய் அதைக் கொண்டுவந்து காட்டினாள். ஸுபைதாவுக்கு அன்றைக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது. தான் கற்ற வேலையைச் சந்தேகிக்கிறார்களே என்ற ரோஷம். "மெஷின் பொய் சொல்லாது, பரிமளம்," என்றாள்.

மெஷின் பொய் சொல்லாதென்றால் பொய் சொல்வது யார்? அந்தக் கேள்விக்குப் பரிமளம் தானே பதில் தேடிக்கொண்டாள்.

ஒன்பதாவது வாரம், நோயில் கிடந்த அம்மாவுக்கு மோசமாகிவிட்டது. பரிமளம் தந்தி அடிக்கப் புறப்பட்டாள். அவளைத் தடுத்தது ஸுபைதாதான். "எதுக்கு வீண் செலவு? இது தந்தியவிட வேகம்." நல்லெண்ணத்தில் சொன்னதுதான். அடுத்த கிழமை அம்மா போய்விட்டார். கொள்ளி வைக்கப் பிள்ளை வரவில்லை.

அதற்குப் பிறகு அவன் தபாலில் போட்ட இரண்டு கடிதங்களையும் பரிமளம் பிரிக்காமலே திருப்பி அனுப்பினாள். பல வருஷம் கழித்து அவன் நேரிலேயே வந்து லயத்து வீட்டு வாசலில் நின்றானாம். "ஒரு கடிதமும் வரல்லக்கா. கடைசியா ஒன்னே ஒன்னுதான் வந்துச்சு," என்றானாம். பரிமளம் கதவைத் திறக்கவில்லை. பிறகு மாத்தளைக் கடைத்தெருவில் ஸுபைதாவைக் கண்டபோது சொன்னாள். "ஒன்னு வந்துச்சாம், மத்தது வரல்லயாம். அது எப்படி மிஸ்? வந்தா எல்லாம் வரணும், இல்லாட்டி ஒன்னும் வரக்கூடாது. இன்னும் அதே பொய்."

ஸுபைதா அன்றைக்கும் தலையை ஆட்டினாள். தரையில் உட்கார்ந்திருந்தவளுக்கு இப்போது அந்தத் தலையாட்டல்தான் முதலில் ஞாபகம் வந்தது.

*

நூதனசாலைப் பெண் தெளிவாக எழுதியிருந்தாள். இரண்டு வலைகளின் வழக்கத்தையும் ஒரே முகவரியில் ஸுபைதா கலந்து எழுதியதில்தான் பிழை. கொழும்பு மெஷின் முகவரியை இடப்பக்கத்திலிருந்து வாசித்தது. ஒல்லாந்து வாசல் மெஷின் வலப்பக்கத்திலிருந்து வாசித்தது. உக்குவளையில் மாறவேண்டிய பஸ்ஸை மாத்தளையில் தேடிக்கொண்டு நிற்பவரைப்போலக் கடிதம் அங்கேயே நின்றுவிட்டது. திருப்பி அனுப்பவும் வழியில்லை. வந்த வழியைப் புரட்டிப் போட்டுத்தான் திரும்பும் வழி. அதுவும் அதே பிழையோடு புரண்டது. போகவும் முடியாமல் வரவும் முடியாமல் நின்ற கடிதங்களெல்லாம் அந்த மெஷினைப் பார்த்துக்கொண்ட மனுசரின் பெட்டியில் விழுந்தன. அவர் போன வருஷம் காலமாகிவிட்டார். அவருடைய மகள்தான் அந்தக் கடிதங்கள் பதிந்திருந்த பழைய காந்த நாடாக்களை நூதனசாலைக்குக் கொடுத்திருக்கிறாள்.

கடைசியாக இருந்த தனித்தாள் அவருடைய குறிப்பு. ஸுபைதா அதை இரண்டு தடவை வாசித்தாள். பதினோராவது கடிதத்தை மட்டும் வாசிக்கவில்லை. அது என்னவென்று அவளுக்குத் தெரியும். அதைக் குப்புறப் போட்டாள்.

"என்ன செய்யப்போற?" என்று கேட்டார் அப்துல் ஸமத்.

"நாளைக்கு எல்கடுவைக்குப் போகணும்."

"ஆறின புண்ணு புள்ள. அந்தப் பொம்புள உன்ன ஏசினா? அடிச்சா?"

"அடிச்சா வாங்கிக்கிறேன். கடிதம் அமானிதம். என் கையில தந்தாங்க, நான் சேர்க்கல்ல. இனியும் வச்சிக்கிட்டிருந்தா நாளைக்கு மறுமையில யாரு பதில் சொல்ற?"

அவர் குசினிக்குப் போய், அவள் பாதியில் விட்ட பாகற்காயைத் தானே அரிய ஆரம்பித்தார். நாற்பது வருஷத்தில் அவர் கத்தியைத் தொட்டது அதுதான் இரண்டாவது தடவை.

*

சனிக்கிழமை பகல் பஸ்ஸில் போனாள். பரிமளம் லயத்து அறையை இடித்துக் கட்டி, முன்னால் ஓர் அறை சேர்த்திருந்தாள். மகள் பிரதீபா தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. இருவரும் வீட்டில்தான் இருந்தார்கள்.

"அடடே, மிஸ்ஸா! என்ன, இந்தப் பக்கம் மழை வரப்போகுது," என்று பரிமளம் சிரித்தாள். பல் இரண்டு போயிருந்தது. "பிரதீபா, தேத்தண்ணி ஊத்து. மிஸ்ஸுக்குச் சீனி குறைவா."

முப்பத்திமூன்று வருஷத்துக்கு முந்திய சீனி அளவு ஞாபகம். தேத்தண்ணி வருமுன் சொல்லிவிட வேண்டும், குடித்துவிட்டுச் சொன்னால் அது இன்னொரு பாவம் என்று ஸுபைதாவுக்குத் தோன்றியது. உறையை மடியில் வைத்துக்கொண்டு, ஒளிக்காமல், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளாமல், முழுவதையும் சொன்னாள்.

பரிமளம் கோபப்படவில்லை. அழவில்லை. விளங்காத பாஷையைக் கேட்பதுபோல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ அவன் பொய் சொல்லல்லையா?" என்றாள் கடைசியில்.

"இல்ல."

"ஒன்னு மட்டும் வந்துச்சுன்னு சொன்னானே?"

"அதுவும் உண்மை." ஸுபைதா தனித்தாளை எடுத்துத் தமிழில் சொன்னாள். அந்த ஒல்லாந்து மனுசர் எழுதியிருந்தது இவ்வளவுதான். 'ஒரே பெயருக்குப் பதினொரு கிழமையாகக் கடிதம் வருகிறது. பாஷை தெரியவில்லை. ஆனால் அவசரம்போல இருக்கிறது. கனடாவில் அந்தக் காலேஜைத் தேடிக் கண்டுபிடித்து, ஆகப் புதியதை மட்டும் முகவரியை நானே கையால் திருத்தி அனுப்பிவிட்டேன். பழையவை இனித் தேவைப்படாது. ஆனாலும் அழிக்க மனம் வரவில்லை. யாரோ உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாக அடித்திருக்கிறார்கள்.'

"ஆகப் புதுசுன்னா?" என்று பிரதீபா மெதுவாகக் கேட்டாள்.

பரிமளம் சொன்னாள்.

"நான் திட்டினது." சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். "அம்மா செத்ததையே அவன் அதுலதான் தெரிஞ்சுக்கிட்டானா? பத்தும் போகாம, அது மட்டுமா போச்சு? ஐயோ மாரியம்மா, வாசல்ல வந்து நின்னானே! நாய் குரைக்குது, நான் உள்ள உக்காந்துகிட்டு, குரைக்கட்டும்னு விட்டேனே!"

தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. யாரும் தொடவில்லை.

"அம்மா, கோவிச்சுக்காத," என்று பிரதீபா கைபேசியை எடுத்தாள். "மாமா நம்பர் எங்கிட்ட இருக்கு. மூனு வருஷமா."

இன்னொரு நாளாக இருந்தால் கரண்டி பறந்திருக்கும். பரிமளம் கையை நீட்டினாள். "அங்க இப்ப என்ன நேரம்டீ?"

"விடிஞ்சிருக்கும். எழும்பியிருப்பாரு."

ஸ்பீக்கரில் மணி நான்கு தடவை அடித்தது. "பிரதீபா? என்னம்மா, எல்லாரும் சுகந்தானே?" என்றது வயதான ஆண் குரல்.

"நான்தான்," என்றாள் பரிமளம்.

லைன் அறுந்துவிட்டதோ என்று பிரதீபா திரையைப் பார்த்தாள்.

"அக்காவா?"

"நீ பொய் சொல்லல்லடா, குமாரு. நீ பொய் சொல்லல்ல." அதற்குமேல் அவளுக்கு வரவில்லை. கைபேசியை ஸுபைதாவின் பக்கம் தள்ளிவிட்டாள். "மிஸ், நீங்களே படிங்க. எனக்கு இங்கிலீசு எழுத்து வராது. அன்னைக்கும் நீங்கதானே அடிச்சீங்க."

ஸுபைதா தான் யாரென்று சொன்னாள். நடந்ததையும் சொன்னாள். "தம்பி, உங்கட கடிதம் என் கையில இருக்கு. பிந்திப்போச்சு. படிக்கட்டா?"

"படிங்க," என்றது குரல்.

மனசுக்குள் பிஸ்மில்லாஹ் சொல்லி ஆரம்பித்தாள். முதல் கடிதத்தில், பக்கத்து லயத்து நாய் ஆறு குட்டி போட்டிருந்தது. இரண்டாவதில் தண்ணீர்ப் பைப் உடைந்து ஒரு கிழமை மலைப் பீலித் தண்ணீருக்கு நடந்தார்கள். மூன்றாவதில் அம்மா அவனுடைய பழைய சப்பாத்தை யாருக்கும் கொடுக்கவிடவில்லை. மறுபக்கத்தில் ஒரு தடவை சிரிப்புச் சத்தம், ஒரு தடவை மூக்கை உறிஞ்சும் சத்தம். எட்டாவதை அவள் நிதானமாகப் படித்தாள்.

"'அம்மாவுக்குப் பேச்சுக் குறைஞ்சிருச்சு. உன்னை வரச்சொல்லி எழுதவா என்று கேட்டேன். வேணாம், பரீட்சை நேரத்தில அவனைக் குழப்பாதே, அவன் படிச்சு முடிச்சா அதுவே நான் பார்த்த மாதிரி என்று சொன்னாங்க. சொல்லிவிட்டுச் சிரிச்சாங்க. ஆனா நீ வா, தம்பி.'"

"அம்மா அப்படிச் சொன்னாங்களா?" குரல் உடைந்தது. "அக்கா, அம்மா அப்படியா சொன்னாங்க?"

பரிமளம் திகைத்துப்போய் ஸுபைதாவைப் பார்த்தாள். "சொன்னாங்க," என்றாள். "சொன்னாங்கடா. நானே மறந்துட்டேன். கோபத்தில அதையும் சேர்த்துப் புதைச்சிட்டேன்."

ஒன்பதும் பத்தும் முடிந்தன. ஸுபைதா மீதித் தாளை மடித்தாள். "பதினோராவது உங்களுக்குக் கிடைச்சிருக்கு. அது வேணாம்."

"இல்ல, அதையும் படிங்க," என்றார் இந்திரகுமார். "நான் அத மட்டுந்தானே இத்தனை வருஷமாப் படிச்சேன். மத்ததுக்குப் பிறகு அது எப்படி இருக்குன்னு கேக்கணும்."

பரிமளம் தலைகுனிந்து கையசைத்தாள். ஸுபைதா தாளைத் திரும்ப விரித்துப் படித்தாள். 'அம்மா செத்து பத்து நாளாச்சு. நீ வரல்ல. உனக்கு அக்கா இல்லை. எனக்குத் தம்பி இல்லை. இனி எழுதாதே.'

அதோடு முடிந்ததென்று நினைத்தாள். கீழே இரண்டு வரி இடைவெளி விட்டு இன்னும் ஏதோ இருந்தது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தவள் வாய் திறந்தபடியே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அது ஞாபகமே இல்லை. எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. ஆனால் எழுதியது அவள்தான். வேறு யாரும் அந்த அறையில் இருக்கவில்லை.

அவள் படிக்கவில்லை. கனடாவிலிருந்து அந்தக் குரல் மனப்பாடமாகச் சொன்னது.

"'தம்பி, இதை அடித்துக்கொடுப்பவர் ஸுபைதா. அக்காவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அவ அழுதுகொண்டுதான் சொல்கிறா. கோபம் போய்விடும். நீங்கள் விடாமல் எழுதுங்கள்.'"

குனிந்திருந்த பரிமளம் தலையை நிமிர்த்தினாள். இந்திரகுமாரின் குரல் தொடர்ந்தது.

"அந்த வரியாலதான் ரெண்டு தரம் தபால்ல போட்டேன், மிஸ். அதாலதான் வாசல் வரைக்கும் வந்தேன். பிரதீபா பேஸ்புக்ல தேடி வந்தப்போ பதில் போட்டதும் அதாலதான். அந்த அக்கா யாருன்னு ஒருநாள் கேக்கணும்னு இருந்தேன்."

ஸுபைதா கையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில் இப்படியொன்று தனக்காகக் காத்திருக்குமென்று அவள் நினைத்திருக்கவில்லை. பிழை அவளுடையதுதான், மலையளவு பிழை. ஒரு நிமிஷத்தில் அடித்து மறந்துபோன ஒரு வரியை மட்டும் அல்லாஹ் அந்த மலைக்கு அப்பால் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தான்.

"எனக்குத் தெரியாமலா எழுதுனீங்க?" என்று பரிமளம் கேட்டாள். கோபமா அழுகையா என்று பிரிக்க முடியாத குரல். "பக்கத்துல நின்னேனே, மிஸ். கள்ளி!"

"மன்னிச்சிருங்க, பரிமளம்."

பரிமளம் ஆறிப்போன தேத்தண்ணிக் கோப்பையை எடுத்து ஸுபைதாவின் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள். பிறகு கைபேசியின் பக்கம் குனிந்தாள்.

"குமாரு, இருக்கியாடா?"

"இருக்கேன்க்கா." சற்றுப் பொறுத்துச் சொன்னது குரல். "மிஸ்ஸுகிட்டச் சொல்லு. அந்த எட்டாவது கடிதத்த இன்னொருக்காப் படிக்கச் சொல்லு."

ஸுபைதா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, தாள்களுக்குள் எட்டாவதைத் தேடினாள்.